வேமனர்: நாடோடிக் கவிஞர் ஒருவரின் வாழ்வும் மாறிவந்த மதிப்பும்

முன்னுரை

ஐதராபாத்தையும் செகந்திராபாத்தையும் இணைக்கும் உசேன் சாகர் ஏரிக்கரைச் சாலையில் தெலுங்கு நாட்டுப் பெருமக்களின் சிலைகள் வரிசையாக அமைந்துள்ளன. என்.டி. ராமராவ் முதலமைச்சராக இருந்த 1980களில் அவை நிறுவப்பட்டன. அரசரும் அவைப்புலவரும் இசைவாணரும் இடம்பெற்ற அவ்வரிசையில் வேமனருக்கும் ஓர் இடம் உண்டு. கல்லை வழிபடுவதை எள்ளி நகையாடியவர் எனப் பெயர்பெற்ற கவிஞருக்கே சிலை எழுந்துள்ளது என்பதைப் பலர் ஒரு முரணாகச் சுட்டுவர். அதனினும் பெரிய வியப்பு ஒன்று உண்டு. இருநூறு ஆண்டுகளுக்கு முன்னர்த் தெலுங்குப் பண்டிதர்கள் இவரைக் கவிஞராகவே எண்ணவில்லை. நன்னயர், திக்கனர் முதலியோர் இருந்த அவையில் இவருக்கு இருக்கை இல்லை. அவ்வாறிருந்த ஒருவர் தெலுங்கு மக்களின் பொதுச்சொத்தாக மாறியது எங்ஙனம்?

வேமனரின் வாழ்க்கை பற்றி நாம் அறிவன எத்தகைய சான்றுகளின் வழி வந்தன என்பதையும், அவரைப் பற்றிய மதிப்பீடு காலந்தோறும் மாறியதற்குரிய காரணங்கள் யாவை என்பதையும் இக்கட்டுரை ஆராய்கிறது. சிவவாக்கியர், பட்டினத்தார், காளமேகம் முதலியோரின் பாடல்களை ஆராயும் தமிழாய்வாளர்க்கும் இவ்வினாக்கள் நேரடியாகப் பயன்படும் என்பதால், இறுதியில் ஒரு சிறு ஒப்பீடும் செய்யப்படுகிறது.

1. வாழ்க்கை: கதையும் சான்றும்

வேமனரின் வாழ்க்கையாகத் தெலுங்கு நாட்டில் வழங்கும் கதை பின்வருமாறு அமைகிறது. கொண்டவீட்டை ஆண்ட ரெட்டி மன்னர் குடும்பத்தில் இளையவராகப் பிறந்த வேமனர் கணிகை ஒருத்தியிடம் மனத்தைப் பறிகொடுத்தார். அவள் அண்ணியாரின் அணிகலனைக் கேட்டாள். அண்ணியார் ஒரு நிபந்தனையோடு அதனைக் கொடுத்தார். அந்நிபந்தனையை நிறைவேற்றும்பொழுது உடலின் நிலையாமையை உணர்ந்த வேமனர் பற்றறுத்தார். பின்னர், அபிராமன் என்னும் பொற்கொல்லர் யோகி ஒருவரிடம் பெறவிருந்த உபதேசத்தைச் சூழ்ச்சியால் தாமே பெற்றுக்கொண்டார். அதற்குக் கழுவாயாக அந்நண்பரின் பெயரைத் தம் பாடல்தோறும் வைத்துப் பாடினார். ஆடையும் வீடும் துறந்து ஊர் ஊராகத் திரிந்து, முடிவில் கதிரி வட்டாரத்துக் கடாருபல்லியில் அடங்கினார். இன்றைய ஆந்திரப் பிரதேசத்தின் ஸ்ரீ சத்ய சாயி மாவட்டத்தில் உள்ள அவ்வூரில் அவருடைய சமாதி வழிபடப்பட்டு வருகிறது.

இக்கதையில் வரலாற்றுக்கு உதவுவது எது, உதவாதது எது என்று பிரித்தறிதல் வேண்டும். கொண்டவீட்டு ரெட்டி அரசு 1325ஆம் ஆண்டளவில் புரோலய வேமாரெட்டியால் நிறுவப்பட்டு, 15ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் மறைந்தது. அம்மரபில் வேமன் என்னும் பெயர் திரும்பத் திரும்ப வருகிறது. பெயரொற்றுமையே கவிஞரை அரச மரபோடு இணைத்திருக்கக் கூடும். கொண்டவீடு இன்றைய குண்டூருக்கு அருகே கிருஷ்ணை ஆற்றுப் பகுதியைச் சார்ந்தது. சமாதி உள்ள இடமோ அதற்கு வெகுதொலைவில், இராயலசீமையின் வறண்ட நிலத்தில் உள்ளது. இவ்விரண்டையும் இணைப்பதற்குத் துறவியின் நாடோடி வாழ்க்கை என்னும் கூறு கதைக்கு இன்றியமையாததாகிறது.

செல்வம், கணிகை, வெறுப்பு, துறவு, அலைதல் என்னும் இவ்வைந்து படிகளும் வேமனர்க்கு மட்டும் உரியன அல்ல. வடமொழிப் பர்த்ருஹரி பற்றிய கதையிலும், நம் அருணகிரிநாதர், பட்டினத்தார் கதைகளிலும் இவற்றின் கூறுகளைக் காணலாம். துறவிக் கவிஞர்க்கென்று மக்கள் மனத்தில் முன்னரே ஒரு வாழ்க்கை வரைபடம் இருந்தது. கவிஞரின் பெயர் அதனுள் பொருத்தப்பட்டது என்றே கருதத் தோன்றுகிறது.

கதையின் பொற்கொல்லர் பகுதி வேறொரு தேவையிலிருந்து எழுந்தது. வேமனர் செய்யுள்களின் ஈற்றடி ஒரே வாய்பாட்டில் அமைந்து 'வேமா' என்னும் விளியைக் கொண்டு முடியும். தெலுங்குச் சதக இலக்கியத்தில் இதனை மகுடம் என்பர். அம்மகுடத்தில் வரும் சொற்களுக்குப் பொருள் கொள்வதில் இடர்ப்பாடு உண்டு. சிலர் அவற்றைக் கடவுளைக் குறிக்கும் அடைகள் என்பர். சிலர் கணிகையின் பெயரும் நண்பரின் பெயரும் என்பர். பொருள் விளங்காத சொற்களுக்கு விளக்கம் தேடியபொழுதே அபிராமன் கதை தோன்றியிருத்தல் கூடும். அவ்வாறாயின், வாழ்க்கையிலிருந்து பாடல் பிறந்தது என நாம் நம்பும் இடத்தில், பாடலிலிருந்து வாழ்க்கை பிறந்திருக்கிறது.

2. காலம் அறியப்படாமைக்குக் காரணம்

வேமனரின் காலத்தை 15ஆம் நூற்றாண்டு என்பாரும் 17ஆம் நூற்றாண்டு என்பாரும் உளர். இவ்வேறுபாட்டைப் போதிய ஆராய்ச்சி இன்மையின் விளைவாக மட்டும் கருதுதல் பொருந்தாது. இலக்கிய உற்பத்தி முறையிலேயே இதற்குரிய காரணம் அமைந்துள்ளது.

தெலுங்குக் காவியம் பெரும்பாலும் ஒரு புரவலர்க்கோ தெய்வத்துக்கோ அர்ப்பணிக்கப்படும். நூலை ஏற்பவர் கிருதிபதி எனப்படுவார். நூலின் தொடக்கத்தில் உள்ள அவதாரிகை என்னும் பகுதியில் கவிஞரின் குலம், ஆசிரியர், புரவலரின் மரபு, அவர்தம் வெற்றிகள் ஆகியன விரித்துரைக்கப்படும். நம் பாயிர மரபோடு இது ஒருவாறு ஒப்பிடத்தக்கது. கோல்கொண்டாவை 1550 முதல் 1580 வரை ஆண்ட இப்ராகிம் குதுப் ஷாவுக்கு அத்தங்கி கங்காதர கவி 'தபதீ சம்வரணோபாக்கியானம்' என்னும் காவியத்தை அர்ப்பணித்தார். அவ்வவையைச் சார்ந்த அமீன் கானுக்குப் பொன்னகண்டி தெலகனார் 'யயாதி சரித்திரம்' பாடினார். இக்கவிஞர்களின் காலத்தை நாம் ஐயமின்றிக் கூற முடிவதற்கு அவர்களுடைய புரவலர்களே காரணம்.

வேமனர்க்குக் கிருதிபதி இல்லை. ஆகவே அவதாரிகை இல்லை. அவதாரிகை இன்மையால் காலமும் இல்லை. தனித்தனியே நிற்கும் நான்கடிச் செய்யுள்கள், பாடியவர் நாவிலிருந்து கேட்டவர் நாவுக்குச் சென்றன. அவற்றின் யாப்பும் இதற்கு உதவியது. பெரும்பான்மையான செய்யுள்கள் 'ஆடவெலதி' என்னும் தேசி யாப்பில் அமைந்தவை. இதன் முதலடியிலும் மூன்றாமடியிலும் மூன்று சூரிய கணங்களும் இரண்டு இந்திர கணங்களும் வரும். ஏனைய இரண்டடிகளில் ஐந்து சூரிய கணங்கள் வரும். வடமொழி விருத்தங்களைப் போல எழுத்தெண்ணிக் குருலகு வரிசை பிறழாது பாட வேண்டிய கட்டுப்பாடு இதில் இல்லை. முதல் இரண்டடிகளில் ஒரு கருத்து, மூன்றாமடியில் ஓர் உவமை அல்லது முடிவு, நான்காமடியில் மாறாத மகுடம் என்ற அமைப்பினால், மூன்றடிகளை நினைவில் வைத்தாலே முழுச்செய்யுளும் நினைவில் நிற்கும். அதே காரணத்தால், மூன்றடிகளைப் புதிதாகப் பாடி மகுடத்தைச் சேர்த்தால் எவரும் வேமனராகலாம்.

காலக்கணிப்பில் உள்ள சிக்கல் இங்குத்தான் தொடங்குகிறது. செய்யுள்களில் பயிலும் உருதுச் சொற்களையும் சமூகக் குறிப்புகளையும் கொண்டு காலத்தைப் பின்னுக்குக் கொணர்வோர் உளர். அச்செய்யுள்கள் பிற்காலத்தவர் சேர்த்தவையாயின் அச்சான்று பயன்படாது. அவை பிற்சேர்க்கை என்று கூறுவதற்கோ, கவிஞரின் காலம் முன்னரே தெரிந்திருத்தல் வேண்டும். ஆகவே இவ்வாய்வு வட்டமாகச் சுற்றி வருகிறது.

3. ஏட்டிலிருந்து அச்சுக்கு

வேமனரை ஐரோப்பியர்க்கு முதலில் அறிமுகம் செய்தவர்களுள் ஒருவர் தென்னிந்தியாவில் பல்லாண்டு வாழ்ந்த பிரெஞ்சுப் பாதிரியார் அபே துபுவா. இந்துக்களின் பழக்கவழக்கங்கள் பற்றிய அவருடைய நூலில் வேமனர் குறிப்பிடப்படுகிறார். அக்குறிப்பு சார்லஸ் பிலிப் பிரௌன் என்னும் ஆங்கிலேய அதிகாரியின் கண்ணில் பட்டது. 1798இல் கல்கத்தாவில் பிறந்த பிரௌன், கம்பெனிப் பணியில் சேர்ந்து 1820இல் கடப்பைக்கு வந்தவர். 1824ஆம் ஆண்டளவில் அவர் வேமனர் ஏடுகளைத் தேடத் தொடங்கினார். பண்டிதர்களைத் தம் சொந்தச் செலவில் அமர்த்திப் பல ஏடுகளை ஒப்பிட்டார். 1829இல் 693 செய்யுள்கள் ஆங்கில மொழிபெயர்ப்போடு சென்னையில் அச்சாயின. 1839இல் வெளிவந்த இரண்டாம் பதிப்பில் அவை 1164 ஆயின. பத்தாண்டுகளில் எண்ணிக்கை இவ்வாறு உயர்ந்தது, ஏட்டு மரபின் நெகிழ்ச்சிக்குத் தக்க சான்றாகும். பின்னர் வெளிவந்த தொகுப்புகளில் எண்ணிக்கை மேலும் பல ஆயிரங்களாகப் பெருகியது.

பிரௌனின் பணியைப் போற்றும்பொழுதே அதன் விளைவையும் நோக்குதல் தகும். முறையின்றிக் கிடந்த செய்யுள்களை அவர் பொருள்வாரியாக வகைப்படுத்தினார். அச்சுக்கு ஏற்றன அல்ல எனத் தமக்குத் தோன்றியவற்றை நீக்கினார். சந்தையிலும் சாவடியிலும் சூழலுக்கேற்ப ஒவ்வொன்றாக ஒலித்த செய்யுள்கள், முதன்முறையாக ஒரு 'நூல்' ஆயின. நூல் என்று ஒன்று உண்டானவுடன் அதற்கு ஓர் ஆசிரியரும், ஆசிரியர்க்கு ஒரு கொள்கையும், கொள்கைக்கு ஒரு வாழ்க்கையும் தேவைப்பட்டன. நாம் இன்று அறியும் வேமனர் பெருமளவுக்கு அச்சு ஈன்ற வேமனரே ஆவார்.

கிறித்தவச் சமயப் பணியாளர்கள் இவருடைய செய்யுள்களில் உருவ வழிபாட்டு மறுப்பைக் கண்டு அவற்றைத் தம் உரைகளில் எடுத்தாண்டனர். 1871இல் சார்லஸ் கோவர் வெளியிட்ட தென்னிந்திய நாட்டுப்பாடல் தொகுப்பில் வேமனர் செய்யுள்களும் தமிழ்ச் சித்தர் பாடல்களும் ஒரே நூலுள் இடம்பெற்றன. பிராமணியத்திற்கு மாறான திராவிட மக்களின் அறவுணர்வு என்னும் கருத்துக்கு இவ்விரு மரபுகளையும் சான்றாக்குவதே கோவரின் நோக்கமாக இருந்தது. வெளியார் பாராட்டிய இப்பாராட்டே உள்ளூர்ப் பண்டிதர் சிலரை மேலும் விலக்கி நிறுத்தியிருக்கவும் கூடும்.

4. கற்றோர் அவையில் இடம்

பண்டிதர்கள் வேமனரை விலக்கியதற்குக் காட்டிய காரணங்கள் இலக்கணம் சார்ந்தவை. கொச்சை மொழி, எளிய யாப்பு, கதைத் தொடர்ச்சியின்மை, அவையல் கிளவி ஆகியன குறைகளாகச் சுட்டப்பட்டன. இவற்றுக்குப் பின்னால், வேதத்தையும் சடங்கையும் சாதிச் செருக்கையும் ஒருங்கே எள்ளிய குரல்மீது கொண்ட வெறுப்பும் இருந்தது என்பதை மறுத்தற்கில்லை.

இந்நிலை மாறியதில் இராள்ளபல்லி அனந்தகிருஷ்ண சர்மாவின் பங்கு தலையாயது. வடமொழியிலும் தெலுங்கிலும் இசையிலும் புலமை மிக்க அவர், ஆந்திரப் பல்கலைக்கழகத்தின் சார்பில் 1928இல் வேமனர் பற்றிச் சொற்பொழிவுகள் நிகழ்த்தினார். அப்பல்கலைக்கழகத்தின் முதல் துணைவேந்தர் கட்டமஞ்சி இராமலிங்க ரெட்டி இதற்குத் தூண்டுகோலாக இருந்தார். மரபுவழிக் கல்வியில் தோய்ந்த வைணவ அந்தணர் ஒருவர், அந்தணரை எள்ளிய கவிஞரைக் கவிஞர் என நிறுவ முற்பட்டது அக்காலச் சூழலில் எளிய செயலன்று. வேமனரின் சொற்செறிவையும் உவமைத் திறனையும் அங்கதத்தையும் இலக்கியத் திறனாய்வு நோக்கில் அவர் எடுத்துக்காட்டினார். அதன்பின் வேமனரைக் கவிஞரல்லர் என்று கூறுவது கடினமாயிற்று.

1947இல் கே.வி. ரெட்டி இயக்கத்தில், சித்தூர் வி. நாகையா நடிப்பில், 'யோகி வேமனா' திரைப்படம் வெளிவந்தது. கணிகை, அண்ணியார், பொற்கொல்லர் கதைகள் அனைத்தும் அதன் வழியே எழுத்தறியாதாரிடமும் நிலைபெற்றன. ஆய்வாளர் ஐயுற்ற வாழ்க்கை வரலாற்றைத் திரை உறுதிசெய்துவிட்டது.

1969இல் சாகித்திய அகாதெமியின் இந்திய இலக்கியச் சிற்பிகள் வரிசைக்காக வி.ஆர். நார்ல எழுதிய நூல் பகுத்தறிவாளர் ஒருவர் கண்ட வேமனரைக் காட்டியது. ஐதராபாத்தில் உசுமானியா பல்கலைக்கழகத்தில் முனைவர்ப் பட்டத்திற்காக ஆய்வு செய்த கவிஞர் என். கோபி, அவ்வாய்வேட்டுக்குப் 'பிரஜாகவி வேமன' என்று பெயரிட்டார். யோகி, நீதிக்கவிஞர் என்னும் பழைய அடைகளின் இடத்தில் மக்கள் கவி என்னும் அடை வந்தமர்ந்தது. ஏறத்தாழ ஒன்றரை நூற்றாண்டில் வேமனர் நீதி புகட்டுபவராகவும் உருவ வழிபாட்டு மறுப்பாளராகவும் யோகியாகவும் பகுத்தறிவாளராகவும் மக்கள் கவியாகவும் அறியப்பட்டுள்ளார். ஒவ்வொரு தரப்பினரும் தமக்குரிய செய்யுள்களை அத்தொகுதியிலிருந்தே எடுத்துக்காட்டினர். எவரும் பொய் கூறவில்லை.

5. யார்க்கு உரியவர் வேமனர்?

மதிப்பு உயர்ந்தபின் உரிமைக் கோரிக்கை எழுதல் இயல்பு. 2006இல் கடப்பையில் தொடங்கப்பட்ட பல்கலைக்கழகம் யோகி வேமனரின் பெயரைத் தாங்குகிறது. பெங்களூரில் ரெட்டி சமூக அமைப்பு நடத்தும் கல்வி நிறுவனங்களும் அவர் பெயரால் விளங்குகின்றன. கல்விப்பணி போற்றத்தக்கதே. எனினும் குலப்பெருமையைப் பழித்த செய்யுள்களால் புகழ்பெற்ற ஒருவர், ஒரு குலத்தின் பெருமையாக நினைக்கப்படுவதும் வரலாற்றின் ஒரு போக்கு எனக் குறித்தல் வேண்டும். கதையில் வரும் ரெட்டி அரச மரபு இங்கு வெறும் கதையாக நில்லாமல் சமூக ஆவணமாகப் பயன்படுகிறது.

ஏரிக்கரைச் சிலைகளுக்கும் தனி வரலாறு உண்டு. தெலுங்கர் அனைவரும் ஒருவரே என்னும் கருத்தின் வெளிப்பாடாக அவை நிறுவப்பெற்றன. அவற்றில் தெலங்கானாப் பெருமக்களுக்கு உரிய இடம் தரப்படவில்லை என்னும் குறை பின்னர் வலுத்தது. 2011 மார்ச்சு 10ஆம் நாள் தெலங்கானா போராட்டத்தின்பொழுது சிலைகள் பல சிதைக்கப்பட்டன. பிறகு மீண்டும் நிறுவப்பட்டன. 2014இல் மாநிலம் இரண்டாகப் பிரிந்தது. வேமனரின் சமாதியும் அவர் பெயரிலான பல்கலைக்கழகமும் ஒரு மாநிலத்தில் இருக்க, ஏரிக்கரைச் சிலை மற்றொரு மாநிலத்தின் தலைநகரில் உள்ளது. எவ்வூரையும் தம்மூராகக் கொள்ளாது திரிந்தவர் எனப்படும் கவிஞரை எல்லைக்குள் அடக்குதல் எளிதன்று.

இவற்றினும் அமைதியான, ஆயின் ஆழமான மாற்றம் பள்ளிப் பாடநூல்களில் நிகழ்ந்தது. தெலுங்குக் குழந்தைகள் மனப்பாடம் செய்யும் வேமனர் செய்யுள்கள் பொறுமை, நட்பு, முயற்சி, ஈகை பற்றியன. சினமும் எள்ளலும் கொண்டவை அங்கு இடம்பெறுதல் அரிது. பெண்களை இழித்துரைக்கும் செய்யுள்களும் வேமனர் பெயரில் உள. அவையும் அங்கு இல்லை. குழந்தைகளுக்கு எதைத் தருவது என்னும் தேர்வு தேவையானதே. அத்தேர்வையே முழு வேமனர் என்று கற்றோரும் நம்பிவிடுதலே கேடு. போற்றத்தக்கவற்றை மட்டும் கவிஞர்க்கு உரியனவாக்கி, பிடிக்காதவற்றையெல்லாம் 'இடைச்செருகல்' என்று ஒதுக்கும் வழக்கம் ஆய்வாகாது. சாதியெதிர்ப்புச் செய்யுளுக்கு இல்லாத ஐயம் பெண்பழிப்புச் செய்யுளுக்கு மட்டும் எழுமாயின், நாம் ஏட்டை ஆராயவில்லை. நம் விருப்பத்தையே ஆராய்கிறோம்.

6. தமிழ்ச் சூழலோடு ஒப்பீடு

தமிழிலும் இதனையொத்த நிலையைக் காணலாம். காளமேகப் புலவர் வரலாறாக நாம் கூறுவன பெரிதும் தனிப்பாடல்களையும் அவற்றைச் சூழ்ந்த கதைகளையும் சார்ந்தவை. பொன்னுசாமித் தேவரின் ஆதரவில் தில்லையம்பூர்ச் சந்திரசேகர கவிராச பண்டிதர் தனிப்பாடல்களைத் திரட்டியதும், வீராசாமிச் செட்டியாரின் 'விநோதரசமஞ்சரி' புலவர் கதைகளைச் சுவைபட உரைத்ததும் 19ஆம் நூற்றாண்டில் நிகழ்ந்தன. வேமனரைப் போலவே இங்கும் அச்சே பாடலையும் கதையையும் இறுகப் பிணைத்தது. வேல்சேரு நாராயண ராவும் டேவிட் ஷுல்மனும் 1998இல் வெளியிட்ட தென்னிந்தியத் தனிப்பாடல்கள் பற்றிய நூலில், இத்தகைய செய்யுள்கள் வாய்மொழியாக வழங்கிய ஓர் இலக்கியச் சமூகத்தின் நினைவாகவும் மதிப்பீடாகவும் விளங்குவதை எடுத்துரைத்தனர். அந்நோக்கில் கதைகள் பொய்யாகா. அவை கவிஞரைப் பற்றிய செய்தியாக அமையாவிடினும், கேட்டவர்களைப் பற்றிய செய்தியாக அமைகின்றன.

சித்தர் பாடல்களின் நிலையும் இத்தகையதே. சிவவாக்கியர் பெயரில் வழங்கும் பாடல்களுள் எவை தொன்மையானவை என்பது இன்றும் தீராத வினா. பட்டினத்தார் ஒருவரல்லர் என ஆய்வாளர் கண்ட பின்னரும் மக்கள் வழக்கில் அவர் ஒருவராகவே வாழ்கிறார். கன்னடத்தில் மூவடிச் செய்யுள் பாடித் திரிந்த சர்வக்ஞரின் பாடல்களை உத்தங்கி சென்னப்பர் 1924இல் தொகுத்து வெளியிட்டார். 2009 ஆகத்து 9இல் பெங்களூரில் திருவள்ளுவர் சிலையும், 13இல் சென்னை அயனாவரத்தில் சர்வக்ஞர் சிலையும் திறக்கப்பட்டதை நாம் அறிவோம். இரு மாநிலங்களின் நல்லுறவுக்கு அடையாளமாக ஒரு நாடோடிக் கவிஞர் தேர்ந்தெடுக்கப்பட்டார். அரசவையைச் சாராதவர்களே அரசுகளுக்கிடையே பொதுவானவர்களாக நிற்க முடிந்தது.

முடிவுரை

வேமனரின் பிறந்த ஆண்டையும் ஊரையும் உறுதிசெய்வதில் செலவிட்ட உழைப்புக்கு ஈடான பயன் விளையவில்லை. புரவலரின்மையால் அவர் காலம் மறைந்தது. அதே புரவலரின்மையால்தான் அவர் குரல் எவர்க்கும் கட்டுப்படாமல் பரவியது. ஒன்றை இழப்பாகவும் மற்றதைப் பேறாகவும் பிரித்துக் காண இயலாது.

இனிச் செய்யவேண்டுவன சில உள. செய்யுள் ஒவ்வொன்றும் எந்த ஏட்டில், எந்தப் பதிப்பில் முதலில் காணப்படுகிறது என்னும் வரலாற்றை வகுத்தல் முதன்மையானது. பிரௌனின் இரு பதிப்புகளும் அதற்கு உறுதியான தொடக்கம் ஆகும். வேமனரை ஒரு தனிமனிதராக மட்டும் கொள்ளாமல், அவர் பெயரால் தலைமுறை தலைமுறையாகப் பேசிய பலரின் மரபாகவும் கொள்ளுதல் அடுத்தது. மகுடத்தை மட்டும் கடன் வாங்கித் தம் சினத்தையும் தம் அறிவையும் பாடிச் சென்ற பெயரறியாதார் அம்மரபில் உளர். உழவரும் குயவரும் கொல்லரும் அவருள் இருந்திருத்தல் கூடும். 'போலிச் செய்யுள்' என்று நீக்கும்பொழுது நாம் நீக்குவது அவர்களுடைய ஒரே எழுத்துச் சான்றை என்பதை மறத்தலாகாது. அவர்களுக்கு ஏரிக்கரையில் சிலை இல்லை. வேமனரின் பெயர் ஒன்றே அவர்களுக்குக் கிடைத்த இடம்.

நம் சித்தர் பாடல்களையும் தனிப்பாடல்களையும் பதிப்பிக்கும் தமிழாய்வாளர்க்கும் இது பொருந்தும். பாடியவர் யார் என்பதோடு, யார் யார் இதனைத் தம் பாடலாக ஏற்றனர், எதனை விலக்கினர், ஏன் விலக்கினர் என்னும் வினாக்களையும் எழுப்புவோமாயின், அலைந்து திரிந்த கவிஞர்களின் வரலாறு நமக்கு இன்னும் தெளிவாகப் புலப்படும்.